மலைப்புகை நாட்களில் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

களக்காடு முண்டந்துறைச் சரிவில் காடு பற்றினால் தீ ஊர்வரை வருவதில்லை, புகைதான் வருகிறது. அதுவும் இரவில். பொழுது சாய்ந்ததும் மலைக்காற்று குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். புகையும் கூடவே இறங்கி வயல்மேல் படுத்துக்கொள்ளும். வெயில் ஏறித் தரை சூடான பிறகே கலையும். இதைப் புரிந்து வேலை செய்த அனைவருக்கும் பாபநாசம், மணிமுத்தாறு மலையடி ஊர்களின் நன்றி.

பள்ளி ஆசிரியர்கள் காலை இறைவணக்கத்தை வகுப்புக்குள் மாற்றினார்கள். விளையாட்டைப் பிற்பகலுக்குத் தள்ளினார்கள். ஒரு வகுப்பறையை இரவிலும் திறந்துவைத்து, கைக்குழந்தைகளுக்கும் இளைப்புக்காரர்களுக்கும் தந்தார்கள். பெரிய உதவி இது.

அந்த அறைக்குக் காற்றுவடிப்பான் செய்துகொடுத்த எலக்ட்ரீசியன் அண்ணாச்சியின் வேலையை மற்ற ஊர்களும் அறிய வேண்டும். ஒரே ஃபில்டரை விசிறியின் முதுகில் கட்டினால் காற்றுத் தடைபடும். அவர் நான்கு ஃபில்டர்களைச் சதுரமாக நிறுத்தி, அடியில் அட்டை வைத்து, மேலே சதுர விசிறியைக் காற்று வெளியேறும்படி படுக்கவைத்தார். ஃபில்டரின் சட்டத்தில் உள்ள அம்புக்குறி பெட்டியின் உட்பக்கம் பார்க்க வேண்டும். மூலையில் சிறு இடுக்கு இருந்தாலும் புகை அந்த வழியே புகுந்துவிடும் என்று எல்லா ஓரத்திலும் டேப் ஒட்டினார். ஏர்கூலரை நிறுத்தச் சொன்னவரும் அவரே: அது வெளிப்புகையைத்தான் உள்ளே இழுக்கும். கொசுவர்த்தி, சாம்பிராணி, உலர்ந்த துடைப்பம் மூன்றுக்கும் அறையில் இடமில்லை.

கிராமச் செவிலியர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல! துண்டை நனைத்து மூக்கில் கட்டுவது நம் பழக்கம். அது சாம்பலை மறிக்கும். நுரையீரல் அடிவரை போகும் 2.5 மைக்ரான் துகளை மறிக்காது என்று வீடுவீடாக விளக்கினார். என்95 முகக்கவசத்தின் இரண்டு பட்டைகளையும் தலைக்குப் பின்னால் மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்தி, ஊதிப் பார்த்து ஓரக்கசிவைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தார். தாடி இருந்தால் கசியும் என்பதையும் கூச்சமில்லாமல் சொன்னார்.

இன்ஹேலர் மருந்தை மூச்சோடு இழுக்க உதவும் குழாயான ஸ்பேசர் தீர்ந்த அன்று, 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டுச் சமாளித்தார். இன்ஹேலரைக் குலுக்கி ஒரு அழுத்து, நாலைந்து மூச்சு, பிறகே அடுத்தது. அடுத்தடுத்து அழுத்தினால் மருந்து பாட்டில் சுவரிலேயே ஒட்டிப்போகும். உதடு நீலம் பாய்ந்தாலோ பேச்சு திணறினாலோ காத்திருக்காமல் 108.

ரேஷன் கடைப் பலகையில் காலையும் மாலையும் நுண்துகள் அளவை எழுதிய இளைஞர்களுக்கும் நன்றி. 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் 15. இரண்டையும் பக்கத்திலேயே எழுதினார்கள். பனிமூட்டம் இருந்தால் கருவி கூடுதலாகக் காட்டும் என்ற குறிப்பும் இருந்தது. அந்த நேர்மை பிடித்தது.

கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டிய வனக்காவலர்களுக்கும் காணி பழங்குடி மக்களுக்கும் தலைவணங்குகிறோம். புகையில் முதலில் நிற்பவர்கள் அவர்கள். வரும் ஆண்டு அவர்களுக்கும் முகக்கவசமும் நுரையீரல் பரிசோதனையும் தரவும், தாலுகா பேரிடர்த் திட்டத்தில் எரிந்த பரப்போடு இளைப்புக்கு வந்தவர்களின் தினசரி எண்ணிக்கையையும் சேர்க்கவும் மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறோம்.

மிச்சமிருக்கும் ஃபில்டர்கள் உறை பிரிக்காமல் ஊர் நூலகத்தில் உள்ளன. வேண்டிய ஊரார் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மலையடி ஊர் மக்கள்