நான்கு செல்லில் ஒன்று

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். குழந்தைக்கும் தாய்க்கும் எங்கள் ஆசிகளைச் சொல். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன்.

ராத்திரி தண்ணீர் பாய்ச்சக் கொண்டுபோகும் டார்ச்சில் ரீசார்ஜ் செல் நான்கும் ஆறே மாதத்தில் போய்விட்டன, இனி பழைய பேட்டரிக் கட்டையே போதும் என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனம் பொறுக்கவில்லை. நான்கும் போயிருக்காது, சண்முகம். பெரும்பாலும் ஒன்றுதான் போயிருக்கும்.

போன மழைக்காலத்தில் எனக்கும் இதுவே நடந்தது. மின்சாரம் போன இரவில் டார்ச்சை அணைக்காமல் அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் மின்மினி அளவுக்குத்தான் வெளிச்சம். செல்களைக் கழற்றி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். மூன்றில் 1.1 வோல்ட் அளவு இருந்தது. நான்காவதில் 0.1 கூட இல்லை. அதன் மேல்முனையைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி.

டார்ச்சுக்குள் நான்கு செல்லும் வரிசையாக நிற்கின்றன. ஒரே மின்னோட்டம் நான்கின் வழியாகவும் போயாக வேண்டும். செல்லின் மேல் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தாலும் நான்கும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று 1900 தாங்கும், இன்னொன்று 1700 தாங்கும். இளைத்தது முதலில் தீர்ந்துவிடும். ஆனால் மற்ற மூன்றும் நிற்காமல் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது அந்தச் செல்லின் கூட்டல் முனை கழித்தலாகப் புரண்டுவிடுகிறது. உள்ளே ஹைட்ரஜன் வாயு கிளம்பி அழுத்தம் ஏறும், மேல்முனையில் உள்ள வால்வு திறக்கும், உள்ளிருக்கும் திரவம் கசியும். அந்த வெள்ளைப் பொடி அதுதான். இப்படி அடிபட்ட செல் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தீரும், இன்னும் நெடுநேரம் அடிபடும்.

இரண்டு கட்டை போட்ட பழைய குண்டு பல்பு டார்ச்சில் ஒன்று தீர்ந்தாலே வெளிச்சம் சிவந்துவிடும், நாமும் அணைத்துவிடுவோம். உன் டார்ச் எல்.இ.டி. ஆயிற்றே! அதற்கு 3 வோல்ட் அளவு இருந்தால் போதும். ஒரு செல் செத்தாலும், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்டாக மூன்று சேர்ந்து 3.6 தருகின்றன. வெளிச்சம் சற்றே குறையும், அவ்வளவுதான். வரப்பில் நடக்கிறவன் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

முழுக்கத் தீர்த்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று உனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் செல் காலத்துப் பேச்சு. நீ வைத்திருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு அது தேவையே இல்லை. நான்கு செல் டார்ச்சில் அந்த யோசனை கெடுதலே செய்யும். வெளிச்சம் லேசாக மங்கினாலும் அணைத்துவிடு. இரண்டு இரவு எரித்தால், மங்காவிட்டாலும் சார்ஜில் போடு. பாதியில் போடுவதால் அதற்கு ஒரு குறையும் வராது.

சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிறதா என்று பார். இரண்டிரண்டாக ஏற்றும் மலிவு வகையில் ஏற்றத்தாழ்வு தங்கிவிடும். நான்கிலும் பேனாவால் ஒரே அடையாளம் போட்டு, எப்போதும் ஒன்றாகவே பயன்படுத்து. பழையதோடு புதியதைச் சேர்க்காதே.

உன் மகன் வைத்திருக்கும் லித்தியம் டார்ச்சில் இது இன்னும் ஆபத்து. 2.5 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே போனால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். அப்படி நெடுநாள் கிடந்த செல்லை மறுபடி சார்ஜ் போட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். அதை அவன் தூக்கிப் போட்டுவிடட்டும். பணத்தைப் பார்க்க வேண்டாம்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நான்கையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி டார்ச்சில் போடு. மங்கத் தொடங்கியதும் அணைத்துவிட்டு, உடனே ஒவ்வொன்றாக அளந்து பார். சார்ஜ் போட்ட கையோடு அளந்தால் எல்லாம் நல்ல பிள்ளையாகவே தெரியும். மற்றவற்றைவிட வெகுவாக இறங்கியிருப்பதைத் தனியே எடுத்து வை. மீதி மூன்றையும் எறிந்துவிடாதே, சுவர்க் கடிகாரத்துக்கு ஆகும். அந்த நான்கு எண்களையும் அடுத்த கடிதத்தில் எழுது, பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதோடு.

அன்புடன்,
உன் ராமலிங்கம்