துருப்பிடித்த ஆணியும் பதில் சொல்லும்

டர்பன்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். "வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிஷம் பேசினால் ஆச்சு, இதற்கு ஒரு கடுதாசியா" என்று கேட்டுவிட்டாள். கை பழக வேண்டும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

போன வாரம் நீ போனில், "நீங்க பார்த்த அதே வேலைதான்ப்பா, கம்பெனி ரகசியத்தைக் காக்கிறது, நான் லண்டன்ல கோட்டுப் போட்டுக்கிட்டுப் பார்க்கப் போறேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அதே வேலைதானா? நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளை வேனும், அதன்மேல் எழுதியிருந்த 'ஏர்கண்டிஷன் சர்வீஸ்' என்ற பொய்யும்தான். சாட்ஸ்வொர்த்தில் நம் தெருக்காரர்கள் இன்றைக்கும் ஏ.சி. ரிப்பேருக்கு என்னைத்தான் கேட்கிறார்கள்.

இந்த ஊரில் செக்யூரிட்டி என்றால் உனக்கு நினைவுக்கு வருவது கேட்டில் தொங்கும் அலாரம் கம்பெனி போர்டும், ராத்திரி துப்பாக்கியோடு சுற்றும் வண்டியும். தென்னாப்பிரிக்கா முழுதும் பதிவு பெற்று இந்த வேலையில் இருப்பவர்களே ஐந்து லட்சத்துக்கு மேல். போலீஸ்காரர்கள் இரண்டு லட்சம்கூட இல்லை. காவலாளிக்கு ஈ முதல் ஏ வரை கிரேடு உண்டு. 2001ஆம் வருடச் சட்டப்படி அமைந்த பிசிரா என்ற தனியார் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம், கேட்டில் நிற்பவர் முதல் தனியார் துப்பறிவாளர் வரை எல்லாரும் பதிய வேண்டும். அந்தப் பெரிய கடலில் எங்கள் வேலை ஒரு மூலை. கம்பெனி கூட்டம் நடக்கும் அறையில் யாராவது 'பக்', அதாவது ஒட்டுக்கேட்கும் கருவி, வைத்திருக்கிறார்களா என்று தேடுவது. நாங்கள் 'ஸ்வீப்' என்போம். பெருக்குவதுதான், வேறென்ன.

கூப்பிடுகிற முதலாளிகள் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு, சந்தேகப்படும் அதே அறையிலிருந்து எங்களுக்குப் போன் போடுவது. வைத்தவன் அதைக் கேட்டால் கருவியை அணைத்துவிடுவான், அல்லது வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஏ.சி. வேன் அதனால்தான். போனதும் முதலில் பெரிய மெஷினெல்லாம் இல்லை. டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும்தான். புதிதாக வந்த பிளக் எது, எந்த ஸ்க்ரூவில் கீறல் இருக்கிறது, சீலிங் பலகையில் எங்கே தூசி கலைந்திருக்கிறது? நான் கண்டெடுத்ததில் அதிகம் இப்படித்தான் கிடைத்தது. பல பிளக் செருகும் அடாப்டருக்குள் ஒரு சிம் கார்டு. வெளியே இருப்பவன் அந்த நம்பருக்குப் போன் போட்டால் அது சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும், அறையில் பேசுவதெல்லாம் அவன் காதுக்குப் போகும். கரண்டும் ஆபீஸ் செலவிலேயே!

அப்புறம் அந்த நீளக் கைப்பிடிக் கருவி. கராஜில் அதை எடுத்து நீ வீடு பெருக்கி விளையாடியிருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா? அது சுவருக்குள் ஒரு ரேடியோ அலையை அனுப்பும். உள்ளே டயோடு, டிரான்சிஸ்டர் மாதிரி எலக்ட்ரானிக் பாகம் ஏதாவது இருந்தால் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் பதில் வரும். அணைத்து வைத்த கருவி, பேட்டரி தீர்ந்த கருவி எல்லாமே மாட்டும். சங்கடம் என்னவென்றால், துருப்பிடித்த ஆணியும் பதில் சொல்லும். அதன் பதில் மூன்று மடங்கில் பலமாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் காது பழக வேண்டும். டர்பன் கடற்காற்றில் எந்த ஆணி துருப்பிடிக்காமல் இருக்கிறது? ஆரம்பத்தில் உம்லாங்காவில் ஒரு ஆபீஸ் சுவரை ஒரு ஆணிக்காக உடைத்து, சொந்தக் காசில் பூசிக் கொடுத்தேன்.

இதுவரை பெருமையாகச் சொல்லலாம். கண்டுபிடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். கருவியை மேஜையில் வைத்ததும் சிலர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, "இதே மாதிரி ஒன்று என் பார்ட்னர் அறையில் வைக்க முடியுமா" என்பார்கள். எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்கவும் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்போதெல்லாம் நான் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும் ரிக்கா சட்டத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சிம் வாங்கப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்களே, அதே ரிக்காதான். தன் பேச்சைத் தானே பதிவு செய்துகொள்ளலாம், அடுத்தவர்கள் பேச்சை ஒளிந்து கேட்டால் குற்றம். ஆனால் ரிக்கா நடைமுறைக்கு வந்தது 2005இல். அதற்கு முன்னால் ஒரு தடவை நான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

2000ஆம் வருடம். நீ கைக்குழந்தை. இங்கே வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, வாடகை பாக்கி. ஒரு தையல் ஃபாக்டரி. யாரோ டிசைனை வெளியே விற்கிறார்கள் என்று முதலாளி சொன்னார். பெண்கள் டீ குடிக்கும் அறையில் சுவர்க்கடிகாரத்தை மாற்றி வைத்தேன். உள்ளே ஒரு ரெக்கார்டர். ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும், "அண்ணா, டீ?" என்று கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழே அந்த மாதிரி நாலு வார்த்தைதான்.

சத்தம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க டேப்பை நான்தான் கேட்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல், புருஷன் குடித்துவிட்டு வந்தது, தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல், சம்பளம் போதவில்லை. டிசைனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யூனியனில் எல்லாரும் சேர்ந்துவிடுவோம் என்று ஒரு குரல் சொன்னது. டீ கொடுத்த குரல். டேப்பை அப்படியே ஒப்படைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் கடிகாரத்தைக் கழற்றப் போனபோது அவள் அங்கே இல்லை. ஏதோ காரணம் சொல்லி நிறுத்திவிட்டார்களாம்.

அப்போதும் 1992ஆம் வருடச் சட்டம் ஒன்று அதைத் தடுத்துத்தான் இருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து க்ளேர்வுட் முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் பரிமாறிக்கொண்டு நின்றாள். என்னை அடையாளம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினாள். 2021இல் அரசியல் சாசன நீதிமன்றம் ரிக்காவில் குறை இருக்கிறது, ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பிறகாவது தகவல் சொல்ல வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அது அரசாங்கம் ஒட்டுக்கேட்பதைப் பற்றிய வழக்கு. எனக்கு அரசாங்கமெல்லாம் நினைவுக்கு வரவில்லை, அந்த அன்னதான வரிசைதான் வந்தது.

உன் கம்பெனியில் ஸ்டூல் மேல் ஏறச் சொல்ல மாட்டார்கள். ஆனால் 2006இல் எச்.பி. கம்ப்யூட்டர் கம்பெனியில் நடந்ததைப் படித்துப் பார். போர்டு ரகசியம் பத்திரிகைக்குப் போகிறது, யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நியாயமான கவலைதான். அமர்த்தப்பட்ட துப்பறிவாளர்கள் டைரக்டர்கள் பெயரிலும் நிருபர்கள் பெயரிலும் டெலிபோன் கம்பெனியிடம் ஆள்மாறாட்டம் செய்து, யார் யாரோடு பேசினார்கள் என்ற பட்டியலை வாங்கிவிட்டார்கள். சேர்மனே பதவி விலக வேண்டிவந்தது. காவலுக்கு என்று ஆரம்பித்ததுதான் அது. சோப்பு, ஷாம்பு விற்கும் பி அண்ட் ஜி ஆட்கள் போட்டிக் கம்பெனியான யூனிலீவரின் குப்பையைக் கிளறியது 2001இல் வெளியே வந்ததே, அதைவிட இதுதான் எனக்குப் பயம். குப்பையைக் கிளறுகிறவனுக்குத் தான் செய்வது என்னவென்றாவது தெரியும்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல சம்பளம், உனக்கு மூளையும் இருக்கிறது. வியாழக்கிழமை இன்டர்வியூவில் ஒன்று மட்டும் கேள்: காசு கொடுக்கிறவர் தேடச் சொன்னது கிடைக்காமல், வேறு யாரோ ஒருவரைப் பற்றி ஏதோ கிடைத்தால் அதை என்ன செய்வீர்கள்? உடனே பதில் வருகிறதா, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று கவனி.

எலுமிச்சை ஊறுகாய் தனிப் பார்சலில் வருகிறது. மூடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், கத்தி வைத்துத் திற.

என்ன சொன்னார்கள் என்று எழுது. போனில் வேண்டாம். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அந்தக் கடிகார விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது.

உன்
அப்பா