கடல் பார்த்த வீட்டுக்கு ஒரு வெப்பக் கணக்கு

கொழும்பில் தொடர்மாடி கட்டி விற்போருக்கு,

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கூடுதல் விலைக்கு நீங்கள் விற்கும் கடல் பார்த்த வீடு, மேற்குப் பார்த்த வீடு. முகில் இல்லாத பின்னேரத்தில் அந்தப் பக்கக் கண்ணாடியில் சதுர மீற்றருக்குச் சுமார் 500 வாட் வெயில் விழும். சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். 6 சதுர மீற்றர் என்றால் 2,400 வாட். 9,000 பி.ரி.யு. ஏசியால் வெளியேற்றக்கூடியதே ஏறத்தாழ 2,640 வாட்தான். ஆட்களின் சூடும் அடுப்பின் சூடும் இந்தக் கணக்கில் இல்லை.

நீங்கள் காட்டும் மின்சிக்கன நட்சத்திரங்கள் ஏசிக்கு உரியவை, வீட்டுக்கு அல்ல. ஏசியைச் சோதிக்கும்போது வெளிக்காற்றை 35 பாகையில் வைப்பது வழமை. வெளி யூனிட்டுகளை ஒடுங்கிய இடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கீழ்மாடி கக்கும் சூட்டை மேல்மாடி உறிஞ்சும். அந்த நட்சத்திரத்துக்கு அங்கே பொருளில்லை.

இரட்டைக் கண்ணாடியும் இதற்கு மருந்தல்ல. அது குளிர்நாட்டில் வீட்டுச் சூட்டைக் காக்க வந்தது. இரண்டும் தெளிந்த கண்ணாடியானால் வெயிலில் பெரும்பகுதி உள்ளே வந்தே தீரும். கேட்கவேண்டியது எஸ்.எச்.ஜி.சி. என்ற எண், அதாவது விழும் வெயிற்சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பது: தெளிந்த ஒற்றைக் கண்ணாடிக்கு 0.8 அளவில் இருக்கும், மேற்குக்கு 0.3 அளவு வேண்டும். அதைவிட நல்லது வெளி நிழல். வடக்கு, தெற்கு யன்னலுக்கு இரண்டடி சன்ஷேட் பெரும்பாலும் போதும். உச்சிவெயில்தான் அங்கே சிக்கல். மேற்கு வெயில் தாழ்ந்து வந்து சன்ஷேட்டுக்குக் கீழே நுழையும். அங்கே நிலைக்குத்துத் தகடுகளோ திறந்து மூடும் மரச்சட்டங்களோ தேவை. உள்ளே திரை போடும்போது சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

மேல்மாடி சிலாப்பில் வெப்பத்தடுப்பை அடியில் ஒட்டாதீர்கள். கொங்கிறீற் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி வெடிக்கும், பிறகு மழை ஒழுகும். 50 மில்லிமீற்றர் வெப்பத்தடுப்புப் பலகையைச் சிலாப்பின் மேலே வையுங்கள். வெள்ளைப் பூச்சும் உதவும், ஆனால் கொழும்பு ஈரத்தில் பாசி கறுத்தால் பயன் குறையும்; கழுவும் செலவைப் பராமரிப்புக் கட்டணத்தில் முன்பே சேருங்கள். சூட்டைத் திருப்பியனுப்பும் மினுக்கத் தாளைச் சாந்துக்குள் புதைப்பது வீண். அதன் மினுங்கும் பக்கத்தில் 25 மில்லிமீற்றராவது காற்றிடைவெளி வேண்டும்.

முற்பணம் வாங்குமுன் ஒரு தாள் கொடுங்கள். மேற்குக் கண்ணாடியின் பரப்பு, அதன் எஸ்.எச்.ஜி.சி., கூரைத் தடுப்பின் தடிப்பு, வெளி யூனிட்டுக்கு முன்னால் உள்ள இடைவெளி, ஒவ்வொரு அறையிலும் திறக்கும் யன்னல் பரப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். திறக்கும் பரப்பை அளக்கும்போது கவனம்: இரு கதவுச் சறுக்கு யன்னலில் பாதிதான் திறக்கும்.

இப்படிக்கு,
கட்டட வெப்பக் கணிப்பில் வேலை செய்வோர்