2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இது எப்படியாவது போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

செயற்குழு ஒன்பது முறை கூட்டப்பட்டது. ஐந்து முறைதான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள்கணக்கு, இருந்தது. ஓணத்துக்கு அத்தப்பூ, பொங்கலுக்குக் கோலப்போட்டி, வள்ளுவர் சிலை வெள்ளி விழாவையொட்டிக் குறள் ஒப்புவித்தல் நடந்தன.

இனி, பலர் டீக்கடையில் மட்டும் பேசிய விஷயம். வட்டமாக நின்று கம்படித்து ஆடும் நம் களியலாட்டத்தில், அசைவுக்கேற்ப ஒலி எழுப்பக் கம்ப்யூட்டரைச் சேர்த்தது செயலாளரின் கிறுக்கு என்று சொல்லப்பட்டதாம். 1965-லேயே நியூயார்க்கில் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் ஆட்டக்காரர்கள் மேடையில் நட்ட ஆன்டெனாக்களை நெருங்கினால் ஒலி மாறும்படி இசையமைப்பாளர் ஜான் கேஜ் நிகழ்ச்சி செய்தார். அந்த ஆன்டெனாக்களைச் செய்து கொடுத்தவர் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவிக்குப் பேர்போன ராபர்ட் மூக். அவர்கள் மேசை மேசையாகக் கருவி அடுக்கிச் செய்ததற்கு இன்று ஒரு வெப்கேமும் லேப்டாப்பும் போதும். ஒலிக்கு நாம் எடுத்துக்கொண்ட ப்யூர் டேட்டா இலவச மென்பொருள். பொருளாளர் இதைக் குறித்துக்கொள்ளவும்.

முதலில், கம்பு வீசும் அசைவுக்கு ஒரு முரசொலி வரும்படி வைத்தேன். ஒத்திகையில் களியல் ஆசான் தாளத்தைக் கீழே வைத்துவிட்டார். “மக்கா, கம்பு முட்டின பொறவுல்லா சத்தம் வருது?” அவர் சொன்னது சரி. ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி கொஞ்சம் பிந்தித்தான் வரும். வயர் போட்டதும் சரியானது. அப்புறமும் அவருக்குத் திருப்தியில்லை. “கம்புக்கு அதுக்க சத்தம் இருக்கே, பெட்டி எதுக்கு?” இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு வாரம் யோசித்து முரசை எடுத்துவிட்டேன். கேமராவை உத்திரத்தில் கட்டி, தரையில் கறுப்பு விரிப்புப் போட்டோம். மேலிருந்து பார்த்தால் வெள்ளை வேட்டிகள் பளிச்சென்று தெரியும். வட்டம் எவ்வளவு விரிகிறது என்று கணினி அளந்துகொள்ளும். விரிய விரிய, முட்டம் கடற்கரையில் பதிவு செய்த கடல் இரைச்சல் பொங்கும், சுருங்கினால் அடங்கும். ஆசான் ஒன்றும் சொல்லாமல் தாளத்தைக் கையில் எடுத்தார்.

நிகழ்ச்சியன்று காப்புப் பாட்டின் நடுவிலேயே கடல் பொங்கிவிட்டது. ஒத்திகைக்கு ஒருநாளும் வராத ஓர் உறுப்பினர், வியர்க்கிறதென்று ஃபேனை மேடைப் பக்கம் திருப்பியிருக்கிறார். வெள்ளைத் திரைச்சீலை பறந்து கேமராவுக்குள் வர, கணினி அதையும் ஓர் ஆட்டக்காரனாக எண்ணிக்கொண்டது. ஃபேனை நிறுத்தியபின் எல்லாம் சரியாகவே நடந்தது. முடிந்ததும் பிள்ளைகள் மேடையேறி, கைகோத்து வட்டத்தை விரித்தும் சுருக்கியும் கடலை வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் அவர்களை இறக்க முடியவில்லை. நேரில் பார்த்தவர்கள் கிறுக்கு என்று சொல்லவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. விழுந்த சிறு துண்டைப் பற்றிப் பொருளாளர் சொல்வார். உறுப்பினர் 64 பேரில் சந்தா கட்டியவர்கள் 23. பெயர் வாசிக்கவில்லை, அவரவருக்குத் தெரியும்.

இடம் தந்த நூலகத்தாருக்கும், கூலி வாங்காத மைக்செட்காரருக்கும், ஆசானுக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் இருப்பேனா என்பது சபையின் விருப்பம். ஆசான் பெண்பிள்ளைகளுக்கும் களியல் சொல்லித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். லேப்டாப் என் மகளுடையது. ஜூனில் அவள் பெங்களூர் போகும்போது அதுவும் போய்விடும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.