முதல் பட்டியலை யாருக்காகப் போடப்போகிறீர்கள்?

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவித்தொகை வழங்கத் தயாராகிவரும் அமெரிக்க அமைப்புகளுக்கு,

வணக்கம். புதிய வரிச்சலுகைத் திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில், 2027 ஜனவரியிலிருந்து உங்களுக்கு நன்கொடை தருபவர் 1,700 டாலர் வரை தன் ஃபெடரல் வரியில் அப்படியே கழித்துக்கொள்ளலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இது. ஆக, நீங்கள் பிரித்துக் கொடுக்கப்போவது ஏறக்குறைய அரசுப் பணம்தான். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

குடும்ப வருமானம் அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தைப்போல (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் சம்பாதிக்கும் தொகை) மூன்று மடங்குக்குள் இருந்தால் பிள்ளைக்குத் தகுதி உண்டு. வரம்பு ஊருக்கு ஊர் மாறுவதில் எனக்குச் சண்டை இல்லை. இங்கே டெக்சஸில், பெருநகரமான டாலஸின் வாடகையையும் எல்லையோர ஊரான மெக்காலனின் வாடகையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் மூன்று மடங்கா? டாலஸ் பகுதியில் அது மூன்று லட்சம் டாலரைத் தாண்டுகிறது. கணவன், மனைவி இருவரும் ஐடியில் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதற்குள் வந்துவிடும். நான்கு பேர் குடும்பத்துக்கு 2025-இன் வறுமைக்கோடோ 32,150 டாலர். இந்த இரண்டு வீடுகளும் ஒரே வரிசையில் நின்றால், படிவத்தை முதலில் நிரப்பி அனுப்புவது எந்த வீடு என்று சொல்லவா வேண்டும்?

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. முந்தைய ஆண்டு உதவி பெற்ற பிள்ளைக்கு மறு ஆண்டும் முன்னுரிமை, அப்புறம் அந்தப் பிள்ளையின் உடன்பிறந்தோருக்கு என்கிறது சட்டம். படிப்பு நடுவில் அறுந்துபோகாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் முதல் ஆண்டில் நீங்கள் போடும் பட்டியல் லேசில் மாறாது. கிண்டர்கார்டனில் உள்ளே வந்த வீடு, தம்பி தங்கையோடு பன்னிரண்டாம் வகுப்புவரை அங்கேயே இருக்கலாம்.

மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. அதுவரை போயே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. எனவே, இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். மத்திய வீட்டுவசதித் துறை ‘குறைந்த வருமானம்’ என்று வகுத்திருக்கும் கோடு அது. ஆண்டுதோறும் பகுதிவாரியாக வெளியாகிறது, நீங்கள் புதிதாக எதையும் கணக்குப் போட வேண்டாம். பணம் மிஞ்சினால் மேலே போங்கள்.

வருமானத்தை எப்படியும் நீங்கள் சரிபார்த்தாக வேண்டும். பெயர்களை விட்டுவிட்டு, எந்த வருமானத்தில் எத்தனை பிள்ளைகள் என்பதை மட்டும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். நன்கொடை கேட்டு எங்கள் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் வரும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
டெக்சஸில் பிள்ளை வளர்க்கும் ஒரு தமிழர்