கதண்டு கொட்டிய அன்று நாங்கள் செய்த தவறு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் விளையாட்டு நேரத்தில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கதண்டு (பெரிய விஷக்குளவி) கொட்டியது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பையன் நலமாக வீடு திரும்பிவிட்டான். ஆனால் கொட்டியதும் அந்த முதல் பத்து நிமிடத்தில் நாங்கள் செய்தது சரியில்லை. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவினோம், அலர்ஜிக்குக் கொடுக்கும் அவில் மாத்திரை ஒன்று கொடுத்தோம், கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று விட்டுவிட்டோம். அதற்குள் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, வாந்தியும் எடுத்தான். பிறகுதான் 108-ஐ அழைத்தோம்.

"போன வருஷமும் கொட்டிச்சு சார், அப்போ வெறும் வீக்கம்தான்" என்றார் அவன் அம்மா. விஷயமே அதில்தான் இருக்கிறது. முதல் முறை கொட்டும்போதே சிலர் உடம்பு அந்த விஷத்துக்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. தோல், மூச்சுக்குழாய், குடல் எங்கும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் அது போய் ஒட்டிக்கொள்ளும். மறுமுறை விஷம் ஏறியதும் அந்தச் செல்கள் தங்களுக்குள் மணிமணியாகச் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமினைச் சில நிமிடங்களில் கொட்டிவிடுகின்றன. கொசு கடித்தால் அரிக்கிறதே, அதுவும் ஹிஸ்டமின் வேலைதான். அது ஓர் இடத்தோடு நிற்கும். இது உடம்பு முழுக்க நடக்கிறது. ரத்தக்குழாய்கள் விரிந்து கசிய, ரத்த அழுத்தம் விழுகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது.

அவில் ஹிஸ்டமினை மட்டும்தான் தடுக்கும், அதுவும் மெதுவாக. மாஸ்ட் செல்கள் வேறு பொருள்களையும் வெளியிடுகின்றன. விழுந்த ரத்த அழுத்தத்தை மாத்திரையால் தூக்க முடியாது. வேண்டியது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரீனலின் ஊசி. அது ரத்தக்குழாயை இறுக்கி, மூச்சுக்குழாயைத் திறந்து, மாஸ்ட் செல்களையும் அடக்கும். அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவனைக் காப்பாற்றியது அதுதான்.

இனி தடிப்போடு மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் எது சேர்ந்தாலும் முதலில் 108, பிறகுதான் உங்களுக்குப் போன். மயக்கம் வந்தால் பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துவோம். எழுந்து நடக்க விடமாட்டோம்.

பூச்சிக்கடி, வேர்க்கடலை, இறால், முட்டை, ஏதாவது மருந்து என்று எதற்காவது உங்கள் பிள்ளைக்கு உடம்பு தடித்திருந்தால், லேசாகத்தான் இருந்தது என்று விட்டுவிடாமல், ஒரு தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். புளியமரத்தில் இருந்த கதண்டுக் கூட்டைத் தீயணைப்புத் துறையினர் அகற்றிவிட்டார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்