வீட்டுப் படத்துக்கு முன் வளவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்க முன் அத்திவாரம் போட்டுவிட வேண்டும் என்று டிப்பர்கள் எங்கள் ஒழுங்கைகளில் கிரவல் பறிக்கும் காலம் இது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற படவரைஞர். ஆரையம்பதியிலும் சுற்று ஊர்களிலும் கேட்பவர்களுக்கு இன்னும் வீட்டுப் படம் கீறிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் போனில் ஒரு படத்தோடு வருகிறார்கள். கொழும்பிலோ கேரளாவிலோ யாரோ கட்டிய வீடு. "மிஸ், இதை அப்படியே எங்கட வளவுக்கு வெச்சுத் தாங்க" என்பார்கள். வளவை ஒருக்காப் பார்க்க வரட்டா என்று கேட்டால், "அதுல பார்க்க என்ன மிஸ் இருக்கு, வெறும் மணல்தானே" என்று பதில் வரும்.

வெறும் மணலுக்கும் மேடு பள்ளம் உண்டு. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவில் நாங்கள் குடியிருக்கும் இந்தத் துண்டு நிலம் கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். கல்முனை வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஏதாவது ஒரு ஒழுங்கையில் நவம்பர் மழைக்குள் குடையோடு நின்று பாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அதுவே காட்டும். பழைய ஆட்கள் மேட்டில் வீட்டைக் கட்டி, பள்ளத்தில் தென்னை வைத்தார்கள். அந்தப் பள்ளம்தான் மழைத் தண்ணீர் தோணாவுக்கு, அதாவது வெள்ளம் வடியும் ஓடைக்கு, போகிற வழி. இப்போது அதுவும் 10 பேர்ச்சஸ் துண்டுகளாக விலைப்படுகிறது. வாங்கியவர் முதல் வேலையாகக் கிரவல் போட்டு முழு வளவையும் வீதிக்கு மேல் இரண்டடி உயர்த்துவார். அவர் தப்பிவிடுவார், பக்கத்து வளவு குளமாகும். அடுத்த வருடம் பக்கத்து வளவுக்காரர் மூன்றடி உயர்த்துவார். எங்கள் ஒழுங்கையில் இந்தப் போட்டி நடந்து முடிந்துவிட்டது. இப்போது எல்லோரையும் விடப் பள்ளத்தில் கிடப்பது ஒழுங்கைதான்.

ஒரு சின்னக் கணக்கு. 10 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை எங்கள் மாரிக்குப் புதிதல்ல. அப்படி ஒரு நாளில் அந்த ஒரு வளவில் மட்டும் விழுவது 25,000 லீற்றர் தண்ணீர், அதாவது வீடுகளில் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கியால் இருபத்தைந்து. முற்றத்தை மணலாக விட்டிருந்தால் அதில் பெரும் பங்கை மண்ணே குடித்துவிடும். மதில் முதல் மதில் வரை இன்டர்லொக் கல் பதித்து வைத்தால் அவ்வளவும் கேற்றுக்கு வெளியே வரும். பிறகு வடிகான் இல்லை என்று இதே பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறோம். 2011 ஜனவரியில் வந்தது மாதிரியான வெள்ளம் வேறு கதை, அதை எந்த வீட்டுப் படமும் தடுத்திருக்காது. நான் சொல்வது வருடா வருடம் நாங்களே உண்டாக்கிக்கொள்ளும் வெள்ளத்தை.

வீட்டை உயர்த்துங்கள், வளவை உயர்த்தாதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். அத்திவாரத்தை உயரமாகக் கட்டி, வீட்டுக்கு அடியில் மட்டும் நிரப்பினால் போதும். முற்றம் இருந்த மட்டத்திலேயே இருக்கட்டும். கிரவல் காசும் மிஞ்சும், மரமும் மிஞ்சும். நிற்கிற மாமரத்தின் அடியில் இரண்டடி கிரவலைக் கொட்டி இறுக்கினால் வேருக்குக் காற்றுப் போகாமல் மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போகும். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கண்டலம ஹோட்டலில் பாறையை உடைக்காமல் நடைபாதைக்குள்ளேயே விட்டுக் கட்டினார் என்று படம் பகிர்ந்து ரசிக்கிறோம். சொந்த வளவு மாமரத்துக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அதுவும் மேற்குப் பக்கத்து மாமரம் என்றால் எனக்கு வயிறு எரியும். கச்சான் காற்றும் பின்நேர வெயிலும் சேர்ந்து அடிக்கும் பக்கம் அது. மரத்தை வெட்டிவிட்டு அந்தப் பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து, அப்புறம் ஏசி பூட்டுகிறார்கள்.

கிணறும் மலசலகூடக் குழியும்தான் எனக்குப் பெரிய கவலை. ஈசான மூலையில் கிணறு, வாயு மூலையில் குழி என்று மனையடி பார்த்து வைக்கிறார்கள். சாஸ்திரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வரிசையாக நாலு வளவிலும் அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் கீறிப் பாருங்கள். ஒருவருடைய வடகிழக்குக் கிணறும், அவருக்குக் கிழக்கே இருப்பவரின் வடமேற்குக் குழியும் ஒரே மதிலின் இரண்டு பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார் சொல்வது நம்மவருக்குத் தெரியாததல்ல. சதுரமான 10 பேர்ச்சஸ் வளவின் ஒரு பக்கமே ஏறக்குறைய 52 அடிதான். மணலுக்குள் கழிவுநீர் சுலபமாக ஓடும். மாரியில் நிலத்தடி நீர் எழும்பிக் குழியின் அடியைத் தொட்டால் சொல்லவே வேண்டாம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறதே என்பார்கள். வரட்டும். குழாய் நிற்கும் நாளில் அதே கிணற்றில்தான் வாளி போடுகிறோம்.

இதையெல்லாம் படம் கீறும் நேரத்தில் சரிசெய்ய ஒரு சதமும் செலவில்லை. கட்டட அனுமதிக்கு நான் கீறிக் கொடுத்த படங்களில் எல்லையைக் கேட்டிருக்கிறார்கள், வீதியிலிருந்து விட வேண்டிய தூரத்தைக் கேட்டிருக்கிறார்கள். வளவின் மட்டம் எங்கே என்று கேட்டு ஒரு படமும் எனக்குத் திரும்பி வந்ததில்லை. எங்கள் பிரதேச சபை இரண்டே விடயங்களைக் கூடுதலாகக் கேட்டால் போதும். வீதி நடுவோடு ஒப்பிட்டு வளவின் நாலு மூலை மட்டமும், தண்ணீர் வெளியேறும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் ஒன்று. சுற்றியுள்ள வளவுகளின் கிணறும் குழியும் எங்கே இருக்கின்றன என்பது மற்றது. மட்டம் பார்க்க நில அளவையாளரைக் கூப்பிடத் தேவையில்லை. மேசன்மார் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாயே போதும், அரை மணித்தியால வேலை.

இதற்குச் சபைத் தீர்மானம் போதுமா, மேலிடத்து அனுமதி வேண்டுமா என்பதை எங்கள் சபை உறுப்பினர் யாராவது இந்தப் பக்கத்திலேயே பதிலாக எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
ஆரையம்பதி.